லெஃப்ட் இல்லாத ஊர்

அவன் சாம்பார் வைக்கும் நாட்களில் நான் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். சாம்பார் நன்றாகத்தான் இருக்கும். எப்போது தயாராகும் என்றுதான் சொல்ல முடியாது. உப்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் நாமெல்லாம் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி ஒப்பேற்றிவிடுவோம். அவன் குக்கரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புதிதாகப் பருப்பை எடுப்பான். "சரி, மொதல்லேருந்து" என்பான். அதில் கோபமோ சலிப்போ இருக்காது. ஏதோ நல்ல சேதி கேள்விப்பட்ட மாதிரிதான் சொல்வான்.

கதைப் புத்தகம் படிக்கும்போது நூறாவது பக்கத்தில் ஒரு பாத்திரம் யாரென்று மறந்துபோனால் முதல் பக்கத்துக்குப் போய்விடுவான். எனக்குத் தெரிந்து அவன் ஒரு நாவலையும் முடித்ததில்லை. லேபில் ஒரு மாணவன் ஒரே ஒரு வயரை மாற்றிச் சொருகியிருந்தால்கூட எல்லா வயரையும் பிடுங்கச் சொல்வான். பையன்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'ரீசெட் சார்'. அவனுடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கேயோ ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது, முழுவதையும் திரும்ப எழுது என்பான்.

2005 முதல் நாலு வருடம் நாங்கள் இருவரும் சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் ஒன்றாக இருந்தோம். வேலை கடலூரில், ஒரு தனியார் பாலிடெக்னிக்கில். அவன் எலெக்ட்ரானிக்ஸ் லேப், நான் கம்ப்யூட்டர். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். அப்புறம் எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறியது. முதலில் வாரம் ஒரு போன், பிறகு பொங்கலுக்கு ஒரு போன் என்று குறைந்து, 2012 வாக்கில் அதுவும் நின்றுபோயிற்று.

நாங்கள் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதபோது லேபில் அந்த விபத்து நடந்தது. சர்க்யூட் போர்டில் வேண்டாத செம்பை அரித்தெடுக்க ஒரு திரவம் வைத்திருப்பார்கள். தட்டு சரிந்து அது அவன் முகத்தில் தெறித்துவிட்டது. குழாயடியில் உட்காரவைத்து அரைமணி நேரம் கண்ணைக் கழுவினோம். டாக்டர் இரண்டு கண்ணிலும் மருந்து வைத்துக் கட்டிவிட்டார். "ஒம்பது நாள் ஆவட்டும். கட்டைப் பிரிச்சாத்தான் எதுவும் சொல்ல முடியும்" என்றார்.

அவன் அப்பா காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்தார். அவருக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். "வந்தா அழுவாரு மச்சான். அப்புறம் அவரை யாரு பாத்துக்கறது?"

முதல் நாள் முழுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் நாக்கால் டக், டக் என்று சத்தம் எழுப்பிப் பார்க்க ஆரம்பித்தான். சுவரைப் பார்த்து எழுப்பினால் ஒரு மாதிரியும், சமையலறை வாசலைப் பார்த்து எழுப்பினால் வேறு மாதிரியும் திரும்பி வருகிறதாம். "பீரோ கதவு தொறந்துருக்கு, மூடுடா" என்றான். திறந்துதான் இருந்தது. அன்றிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

நாலாம் நாள் காலை, தனியாகவே டீக்கடைக்குப் போவேன் என்று அடம்பிடித்தான். நான் பத்தடி பின்னால் போனேன். நாக்கைத் தட்டிக்கொண்டு, சுவரோரமாக, சந்து முனைவரை ராஜநடையாகத்தான் போனான். முனையில் மெத்தை விற்பவர் ஒருவர் மெத்தைகளை அடுக்கிக் கட்டிய வண்டியை நிறுத்தியிருந்தார். அவன் நேராகப் போய் அதற்குள் முகம் புதைத்தான்.

"பாத்து வரக்கூடாதா?" என்று திரும்பிய வண்டிக்காரர் கண்கட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவனுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "பஞ்சு சத்தத்தைக் குடிச்சிருதுண்ணே. திருப்பி அனுப்பல பாருங்க. அதான் எனக்குத் தெரியாம போச்சி" என்று மெத்தையைத் தட்டித் தட்டி அவருக்குப் பாடம் நடத்தினான்.

ஆறாம் நாள் ஒன்று நடந்தது. நான் சாப்பாடு வாங்கி வந்து தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். "மச்சான், லைட்டு போட்டுருக்கியா?" என்று கேட்டான். "மத்தியானம்டா" என்றேன்.  அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை.

ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "ஷேவ் பண்ணக்கூட முடியலயாடா உனக்கு?"

வேறொருவனாக இருந்தால் அத்தோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்து மறந்திருப்பான். இவன் ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் பண்ணிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தான். கட்டளைகளை எழுதிக் கொடுத்தால் சத்தமாக மாற்றித் தரும் ஒரு மென்பொருள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. அதை வைத்து அந்த ஒன்பது நாளை இசையாக்கப் போவதாகச் சொன்னான். இவனுக்கும் இசைக்கும் அதுவரை இருந்த தொடர்பு, குளிக்கும்போது முணுமுணுப்பது மட்டும்தான்.

அவன் செய்தது இதுதான். நாம் எழுப்பும் சத்தம் எதிரே உள்ள சுவரில் பட்டுத் திரும்பும். சுவர் தூரத்தில் இருந்தால் தாமதமாகும், பக்கத்தில் இருந்தால் உடனே வரும். அந்தத் தாமதத்தைத் தாளமாக வைத்துக்கொண்டான். பட்ட இடம் கல்லா, தகரமா, துணியா என்பதை ஸ்வரமாக வைத்துக்கொண்டான். தெருத்தெருவாக அளந்து அந்த எண்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, இந்த வழியாக ஒருவன் நடந்து போகிறான், அவனுக்குத் திரும்பி வருவதை நீயே வாசி என்று விதி எழுதினான். மெட்டு எதுவும் அவன் போடவில்லை. விதி மட்டும்தான் அவனுடையது.

அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்கும் வேலை எனக்கு. கீழ வீதியில் நாங்கள் நாடாவோடு நின்றபோது, ஆக்கிரமிப்பை எடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு பாத்திரக்கடைக்காரர் வாசலில் அடுக்கியிருந்த குடங்களை அவசரமாக உள்ளே எடுக்க ஆரம்பித்தார். இவன் ஓடிப்போய், "வெளியவே வைங்கண்ணே, கொடம் இருந்தாத்தான் சுருதி நல்லாருக்கும்" என்றான். அவர் இன்னும் வேகமாக எடுத்தார்.

பதினோரு மாதத்தில் பதினெட்டு நிமிட இசை ஒன்று தயாரானது. முதலில் கேட்டவர் அவன் அப்பா. பலாப்பழத்தோடு வந்திருந்தார். முழுவதையும் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டார். "மோட்டாருக்கு மூணு ஃபேஸ்ல ஒண்ணு போயிட்டா இப்புடித்தான் தம்பி கத்தும்" என்றார்.

எனக்கும் அது புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்ளத் தோன்றும். புதுச்சேரியில் இந்த மாதிரிப் புதுவகை இசைக்கென்று நிகழ்ச்சி நடத்தும் ஒரு குழுவுக்குக் குறுந்தகட்டை அனுப்பினான். 'பார்வையின்றி ஓர் ஊர்' என்று தலைப்பு வைத்தான். அவர்கள் தேர்வு செய்து, வந்து வாசிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். நான் காலேஜ் முழுக்கச் சொன்னேன். அவன் அப்பாவுக்குப் போன் போட்டு வேட்டியைச் சலவைக்குப் போடச் சொன்னேன்.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தபோது, சம்பளக் கணக்கு விஷயமாகக் காலேஜ் போனிலிருந்து அவன் வங்கிக்குப் பேசினான். ஆபரேட்டர் பெண் லைன் கொடுப்பதற்கு முன்னால், "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. மாடிப்படிக்கு அடியில நின்னு பேசறீங்களா?" என்று கேட்டார்.

காலேஜில் போன் மாடிப்படிக்கு அடியில்தான் இருந்தது.

"எப்படிங்க மேடம் சொல்றீங்க?"

"ஒங்க கொரலு ரெண்டு தடவ வருது. ரெண்டாவது வர்றது கொஞ்சம் சாஞ்சாப்ல வருது."

அவன் கணக்கு விஷயத்தையே மறந்துவிட்டான். மறுநாள் மதிய இடைவேளையில் என்னையும் இழுத்துக்கொண்டு வங்கிக்குப் போனான். அந்த ஆபரேட்டர் ஸ்டெல்லா பிறவியிலிருந்தே பார்வை இல்லாதவர். எங்கள் வயதுதான் இருக்கும். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இவன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு இசையைக் கேட்டுச் சொல்ல முடியுமா என்றான். கண்கட்டு விஷயத்தை ஏனோ சொல்லவில்லை. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, இவன் கொண்டுபோயிருந்த ஹெட்போனை மாட்டினார். பதினெட்டு நிமிடமும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இவன் எதிரில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாருக்கு சார்" என்றார், ஹெட்போனைக் கழற்றிவிட்டு.

"நல்லாருக்குன்னா மேடம்?"

"செவுரு எங்க, சந்து எங்க, எல்லாம் தெரியுது. ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? இதுல நடந்து போறவரு எதுக்கு இந்தப் பயம் பயப்படறாரு?"

இவன் வாயிலிருந்து விரலை எடுத்தான்.

"எந்தச் செவுரு வந்தாலும் மேல வுழப் போறாப்லயே வருது. எனக்குச் செவுருன்னா தொணை சார். அதைக் கேட்டுக்கிட்டே நடப்பேன். நடக்கையில வேற எதையாவது யோசிப்பேன். சாயங்காலம் என்னா கொழம்பு வெக்கலாம்னு யோசிப்பேன். ஒங்க ஆளு கொழம்பைப் பத்தி ஒரு நிமிசம்கூட யோசிக்கலயே." அவர் தயிர்ச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "இது எங்க ஊரு இல்ல சார். கண்ணு போயிருமோன்னு பயந்து கெடந்தவங்க ஊரு."

எனக்கு அந்த ஆறாம் நாள் மத்தியானம் ஞாபகம் வந்தது. அவனைப் பார்த்தேன். அவன் காது மடல்கள் சிவந்திருந்தன.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் முதுநகர், ஆலப்பாக்கம் எல்லாம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். புதுச்சத்திரம் வந்ததும் என் பக்கம் திரும்பினான். "சரி, மொதல்லேருந்து" என்றான்.

சாம்பாரில் பொறுத்துக்கொண்டவன் நான். இதில் என்னால் முடியவில்லை. "அடேய், மூணு வாரத்துல நிகழ்ச்சிடா" என்றேன்.

"வரலன்னு எழுதிடறேன்."

"அது ஒன் பயம்தானே? ஒன் பயத்தை நீ வாசி. அதுல என்னா தப்பு?"

"தலைப்புல என்னா எழுதியிருக்கேன்? பார்வையின்றி ஓர் ஊர்னு எழுதியிருக்கேன். அந்த ஊரே எனக்குத் தெரியாது மச்சான்."

"அப்ப தலைப்பை மாத்து."

இது சரியான யோசனை என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவனும் ஒரு நாள் முழுக்க நேர்மையாக யோசித்தான். பிறகு புதுச்சேரிக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டான். அவர்கள் ஒரு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள். அப்புறம் அவனை ஒருபோதும் கூப்பிடவில்லை. அவன் அப்பா சலவை வேட்டியை வேறு யார் கல்யாணத்துக்கோ கட்டிக்கொண்டு போனார். நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நாடாவை எடுத்துக்கொண்டு வந்து, "முனையைப் புடி" என்றான். பிடித்தேன்.

இந்த முறை நாடா அதிக நாள் தேவைப்படவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வங்கி வரைக்கும் ஸ்டெல்லாவோடு நடக்க அனுமதி வாங்கிக்கொண்டான். அவர் கைத்தடியோடு முன்னால் போவார். இவன் சின்ன ரெக்கார்டரை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போவான். பத்தடிக்கு ஒரு தடவை, "இப்ப என்னா மேடம் தெரியுது?" என்பான். "இப்ப ஒண்ணும் இல்ல சார், நடக்கறேன்" என்பார் அவர். சில இடங்களில் அவராகவே சொல்வார். இந்தச் சந்தைத் தாண்டும்போது ஒரு காது மட்டும் லேசாகிறது. நிழலுக்குத் தார்ப்பாய் கட்டிய இடத்தில் தலைக்கு மேலே யாரோ போர்வை பிடித்த மாதிரி இருக்கிறது. இவன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்வான். ஒருநாள், "இப்ப என்னா மேடம்?" என்றதற்கு அவர், "கத்திரிக்கா" என்றார். அதையும் எழுதிக்கொண்டான்.

காலேஜில் பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கும் சந்தேகம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது கேட்டே விட்டேன்.

"என்னாடா நெனச்சிக்கிட்டிருக்க மனசுல?"

"எதைப் பத்தி?"

"ஸ்டெல்லா மேடத்தைப் பத்தி."

"அவுங்களுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்குடா. மாப்ள ஸ்கூல் டீச்சரு. தை மாசம் கல்யாணம்."

"எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?"

"மொதல் வாரத்துலயே சொன்னாங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ கேக்கலியே" என்று சட்டையை உதறினான்.

புதிய இசை தயாரானதும் எங்கே வாசிப்பது என்ற பிரச்சினையை ஸ்டெல்லாதான் தீர்த்தார். கடலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பார்வையற்றோர் சங்கம் ஒன்று மாதாமாதம் கூடும். அங்கே வரச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாலின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்து, நடுவில் நாற்காலிகள் போட்டோம். இருபத்தைந்து பேர் இருப்பார்கள்.

இசை தொடங்கியது. இந்தத் தடவை எனக்குத் தலையைக் குனியத் தோன்றவில்லை. யாரோ சாவகாசமாக நடந்து போவது போலத்தான் இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் ஒருவர், "பஸ் ஸ்டாண்டு" என்றார். "இல்ல இல்ல, மார்க்கெட்டு" என்றார் இன்னொருவர். "மார்க்கெட்டுன்னா தார்ப்பா வரணும். இரு, வருது பாரு." தார்ப்பாய் வந்ததும் கைதட்டினார்கள். கேட்பவரை உலுக்கும் நவீன இசையைப் படைக்கக் கிளம்பியவன், தன் படைப்பு விடுகதைப் போட்டியாக ஆனதைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்போது பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு சரித்திர வாத்தியார், அவரும் பார்வையற்றவர்தான், கையைத் தூக்கினார். "தம்பி, கொஞ்சம் நிறுத்துங்க. இந்த எடத்துல லெஃப்ட்ல திரும்புனா என்னா வரும்?"

"லெஃப்ட் இல்லீங்க சார். நேரா மட்டுந்தான்."

"அதென்னா ஊரு, லெஃப்டே இல்லாம?"

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "வெளியதான் யாராவது கையப் புடிச்சி அவுங்க போற பக்கமே கூட்டிக்கிட்டுப் போறாங்க. பாட்டுலயும் அப்புடியேவா?"

நான் ஸ்பீக்கர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்றான். வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும், சொல்லாத" என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்தாறு மாதம் அவன் வீட்டில் சாம்பாரே வைக்கவில்லை. அளந்த ஊரையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டான். அதற்குப் பதிலாக ஊர் எப்படி வளரும் என்று விதி எழுதினான். தெரு முடிந்தால் ஒரு திருப்பம் வரலாம், திருப்பத்தில் சுவரோ வெட்டவெளியோ தாழ்ந்த கூரையோ இருக்கலாம், சந்துக்கு அப்புறம் சந்து வந்தால் அடுத்தது அகலமாக வேண்டும் என்று பக்கம் பக்கமாக விதிகள். கேட்பவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் அந்த நிமிடமே ஒரு தெரு உண்டாகும். திரும்புவதற்கு வீடியோ கேம் விளையாடும் ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பொருத்தினான்.

அதே ஹால், அதே நாலு ஸ்பீக்கர், அதே இருபத்தைந்து பேர், இன்னொரு ஞாயிறு. ஜாய்ஸ்டிக்கை முதலில் சரித்திர வாத்தியாரிடம்தான் கொடுத்தான். அவர் லெஃப்ட், லெஃப்ட், மறுபடியும் லெஃப்ட் என்று சுற்றி ஒரு சுவரில் போய் மோதினார். அது திம் என்று அதிர்ந்தது. அந்தச் சத்தம் பிடித்துப்போய் நாலு தடவை வேண்டுமென்றே மோதினார். "அடுத்த ஆளுக்குக் குடுங்க சார்" என்று பின்னாலிருந்து குரல் வந்த பிறகுதான் விட்டார்.

ஸ்டெல்லாவின் முறை வந்தது. அதற்குள் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் பின்வரிசையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா கைத்தடியை மடக்கி நாற்காலிக்குக் கீழே வைத்தார். ஜாய்ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல முன்னால் தள்ளினார்.

ஒரு தெரு போயிற்று. வலது பக்கம் திரும்பினார். அகலமான ஏதோ ஒன்று திறந்தது. அதைக் கடந்து ஒரு சந்தில் நுழைந்தார். தாளம் நெருங்கி வந்தது.

"எங்க இருக்கம்மா?" என்றார் வாத்தியார்.

"தெரியல சார். இங்கல்லாம் நான் வந்ததே இல்ல" என்றார் ஸ்டெல்லா. கொஞ்சம் நடந்துவிட்டு, "யாரும் வழி சொல்லாதீங்க" என்றார்.

நான் அவன் காதருகே குனிந்து, "அது எந்த எடம்டா?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது" என்றான். அவ்வளவு சந்தோஷமாக அவன் ஒன்றைத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

 ஸ்டெல்லா தெருவுக்குத் தெரு போய்க்கொண்டிருந்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்பக்க ஸ்பீக்கர் ஒன்றில் சரசரவென்று ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. வயர் முனை தளர்ந்திருக்க வேண்டும். சொருகும்போதே எனக்குச் சந்தேகம். அழுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று எழுந்தேன்.

ஸ்டெல்லா தலையைத் தூக்கினார். "மழ வருது" என்றார். யாருக்கும் சொல்வதாக இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நான் இழுத்தேன், விடவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினான்.

ஸ்டெல்லா வேகமாக நடந்தார். ஒரு திருப்பம், இன்னொரு திருப்பம். வெட்டவெளி ஒன்று வந்தது, அதை விட்டு விலகினார். பிறகு சத்தமெல்லாம் சட்டென்று பக்கத்தில் வந்து தணிந்தது. தாழ்ந்த கூரை. ஜாய்ஸ்டிக்கை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆங், இங்க நின்னுக்கலாம்" என்றார்.

பின்னால் மழை பெய்துகொண்டிருந்தது. இருபத்தைந்து பேரும் அசையாமல் இருந்தார்கள். அவன் என் மணிக்கட்டை விடவேயில்லை. நாங்கள் எல்லாரும் அந்தக் கூரைக்கடியில் நின்றோம்.